மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுப்பது: கொள்கையும் நடைமுறையும் பிரியும் இடங்கள்

நிறுவனங்களின் ஆட்சேர்ப்பு ஆவணங்களைப் படித்து, அவை சட்டத்துக்கும் நடைமுறைக்கும் எந்த அளவு பொருந்துகின்றன என்று கருத்துச் சொல்வது என் தொழிலின் ஒரு பகுதி. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய பத்தி பெரும்பாலான ஆவணங்களில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். சம வாய்ப்பு அளிக்கிறோம், பாகுபாடு காட்டுவதில்லை, தகுதியுள்ள அனைவரையும் வரவேற்கிறோம் என்று அது சொல்லும். எழுதியவரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிப்பதில்லை. ஆனால் அதே நிறுவனத்தின் பணி விவரத்தையும், விண்ணப்பப் படிவத்தையும், இணையவழித் தேர்வையும், மருத்துவத் தகுதிச் சான்றுக்கான படிவத்தையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு ஆண்டுகளில் தயாரித்திருப்பார்கள். அந்தக் கொள்கைப் பத்தியை அவர்களில் ஒருவர்கூடப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஒருவருக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இந்தப் படிவங்களில்தான் முடிவாகிறது என்பதால், இந்தப் பதிவில் அவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006 டிசம்பர் 13 அன்று நிறைவேற்றப்பட்டு 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஆள் தேர்வு, பணியமர்த்தல், பணியில் நீடித்தல், பதவி உயர்வு ஆகிய எல்லாக் கட்டங்களிலும் பாகுபாடு கூடாது என்று அதன் 27ஆம் பிரிவு கூறுகிறது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது 2ஆம் பிரிவு. ஒருவருக்குத் தேவைப்படும் நியாயமான ஏற்பாட்டை, அதாவது அவருக்கேற்ற மாற்றத்தையோ வசதியையோ, செய்துதர மறுப்பதே பாகுபாடுதான் என்று அது வரையறுக்கிறது. அதாவது, எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினோம் என்பது ஒரு நிறுவனத்துக்குத் தற்காப்பு ஆகாது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம், பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆகியவை சொற்களில் வேறுபட்டாலும் இந்தக் கருத்தில் ஒன்றுபடுகின்றன. உலக மக்களில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க அளவில் ஏதோ ஒரு குறைபாட்டுடன் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருப்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டால், யாரோ சிலருக்கான சலுகையைப் பற்றி நாம் பேசவில்லை என்பது விளங்கும்.

முதலில் பணி விவரம். ஆட்சேர்ப்பில் மிக அதிகமாக ஆட்களை வெளியேற்றுவது இந்த ஆவணம்தான் என்றாலும், யாரையும் நிராகரித்ததாக எந்தப் பதிவேட்டிலும் அது தடயம் வைப்பதில்லை. படித்துப் பார்த்தவர் விண்ணப்பிக்காமலேயே விலகிக்கொள்கிறார். நிறுவனமோ, மாற்றுத்திறனாளிகள் விண்ணப்பிப்பதே இல்லை என்று வருத்தப்பட்டுக்கொள்கிறது. ஒருமுறை என் கைக்கு வந்த ஒரு பணி விவரம், கணினியில் வாடிக்கையாளர் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலைக்கானது. அதற்கு வேண்டிய கட்டாயத் தகுதிகளாக, சிறந்த பேச்சுத்திறன், செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம், 15 கிலோ எடையைத் தூக்கும் உடல்வலு, அழுத்தமான சூழலில் ஒரே நேரத்தில் பல பணிகளைக் கவனிக்கும் ஆற்றல் ஆகியவை வரிசையாகக் கொடுக்கப்பட்டிருந்தன. பதிவைச் சரிபார்க்கிறவர் எதற்காக 15 கிலோ தூக்க வேண்டும் என்று கேட்டேன். உடனே பதில் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. பின்னால் விசாரித்ததில், கிடங்குப் பணியாளருக்காக எப்போதோ எழுதிய மாதிரிப் படிவத்திலிருந்து அந்த வரி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது தெரிந்தது. ஓட்டுநர் உரிமத்தின் கதை இன்னும் சுவையானது. அந்தப் பதவியில் முன்பு இருந்தவர் மாதம் ஒருமுறை கிளை அலுவலகத்துக்குத் தம் சொந்தக் காரில் போய்வந்தாராம். அந்த வழக்கம் அவருக்குப் பின் வந்த எல்லோருக்கும் கட்டாயத் தகுதியாகிவிட்டது. கிளைக்குப் போவது வேலையின் பகுதி என்றே வைத்துக்கொண்டாலும், காரைத் தானே ஓட்டிப் போக வேண்டும் என்பது வேலையின் பகுதி ஆகாது.

இந்த வேறுபாட்டைத்தான் அமெரிக்கச் சட்டம் ஒரு பதவியின் இன்றியமையாத பணிகள், துணைப் பணிகள் என்று பிரிக்கிறது. விளம்பரம் வெளியாகும் முன்பே எழுதிவைத்த பணி விவரம், எந்தப் பணி இன்றியமையாதது என்பதற்கான சான்றுகளில் ஒன்றாக அங்கே எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய ஒரு வரிக்குச் சட்டக் கனம் வந்துவிடுகிறது. நான் மேலாளர்களிடம் கேட்பது மிக எளிய கேள்வி: இந்தப் பதவியில் இப்போது இருப்பவர் இந்த வேலையைக் கடைசியாக எப்போது செய்தார்? பாதி வரிகள் அந்தக் கேள்வியிலேயே உதிர்ந்துவிடும். மீதியுள்ளவற்றில், எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் வரிகளை, என்ன முடிக்க வேண்டும் என்று சொல்லும் வரிகளாக மாற்றி எழுதச் சொல்வேன். தொலைபேசியில் பேசிப் புகார்களைத் தீர்க்க வேண்டும் என்ற வாசகம் காது கேளாத ஒருவரைத் தேவையில்லாமல் வெளியே நிறுத்துகிறது. வாடிக்கையாளரைத் தொடர்புகொண்டு குறித்த காலத்துக்குள் புகாரைத் தீர்க்க வேண்டும் என்று எழுதினால், எழுத்துவழி உரையாடலிலோ மின்னஞ்சலிலோ அந்த வேலையைச் செம்மையாகச் செய்யக்கூடியவர் உள்ளே வர முடிகிறது. சிறந்த பேச்சுத்திறன் என்ற சொற்றொடரை ஏறத்தாழ எல்லா விளம்பரங்களிலும் பார்க்கிறேன். திக்கிப் பேசும் ஒரு நல்ல கணக்காளர் அதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று அதை எழுதுகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

எல்லா உடல்தகுதி நிபந்தனைகளும் போலியானவை என்று நான் சொல்ல வரவில்லை. கிடங்கில் 15 கிலோ உண்மையாகவே தூக்க வேண்டியிருக்கும். பேருந்து ஓட்டுநருக்குப் பார்வைத் தகுதி வேண்டும். எந்த நிபந்தனை ஏன் இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரிந்த ஒருவர் நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.

அடுத்து விண்ணப்பமும் தேர்வும். இங்கே தடை மனிதர்களிடம் இல்லை, வாங்கிய மென்பொருளில் இருக்கிறது. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பு மென்பொருளின் துணையுடன் ஓர் இணையவழித் தகுதித் தேர்வை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சில கேள்விகளுக்கு விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும், சிக்கல் இல்லை. அடுத்து, இடப்பக்கம் உள்ள பெட்டிகளைச் சுட்டியால் இழுத்து வலப்பக்கம் உள்ள கட்டங்களில் போட வேண்டிய கேள்வி வருகிறது. திரைவாசிப்பான் அந்த இடத்தில் வெறுமனே படம், படம், படம் என்று படித்துக்கொண்டிருக்கிறது. விசைப்பலகையில் எதை அழுத்தினாலும் பெட்டி நகர்வதில்லை. மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஓடுவதும் அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அந்தக் கடிகாரமும் பெயரிடப்படாத ஒரு படம்தான். நேரம் முடிந்ததும் தேர்வு தானே மூடிக்கொள்கிறது. மறுநாள், உங்கள் மதிப்பெண் போதவில்லை என்று ஒரு மின்னஞ்சல். அந்தத் தேர்வு அவருடைய தருக்க அறிவை அளக்கவே இல்லை. சுட்டியை இழுக்க முடியுமா என்று மட்டுமே அளந்தது. ஆனால் நிறுவனத்தின் தரவுத்தளத்தில் அவர் தருக்கத் தேர்வில் தோற்றவர்.

இதற்கான நெறிகள் புதியவை அல்ல. இணைய உள்ளடக்கத்தை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான உலகளாவிய வழிகாட்டுநெறிகளின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வெளியானது. இழுத்துப் போடும் செயல் எதற்கும் இழுக்காமலே செய்யும் மாற்றுவழி இருக்க வேண்டும் என்ற விதி அதில் சேர்க்கப்பட்டது. விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் இயக்க முடிய வேண்டும் என்பதும், நேர வரம்பை நீட்டிக்க வழி இருக்க வேண்டும் என்பதும் அந்த நெறிகளில் அதற்கு முன்பிருந்தே உள்ளவை. திரைவாசிப்பு மென்பொருளுக்குப் பணம் செலவிட வேண்டும் என்ற சாக்கும் செல்லாது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற நிரலாளர்கள் இருவர் உருவாக்கிய என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் உலகெங்கும் இலவசமாகவே கிடைக்கிறது. தேர்வு மென்பொருளை வாங்கும் முன், திரையை அணைத்துவிட்டு, விசைப்பலகையையும் அந்தத் திரைவாசிப்பானையும் மட்டும் வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் முழுத் தேர்வையும் எழுதிப் பார்க்கட்டும் என்று நான் பரிந்துரைப்பது வழக்கம். கொள்முதல் பிரிவினர் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள், ஏனென்றால் ஒப்பந்தம் பெரும்பாலும் அதற்கு முன்பே கையெழுத்தாகியிருக்கும். மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கும் கொள்கை கொள்முதல் பிரிவின் மேசையில் இருக்க வேண்டும் என்று நான் அடிக்கடி சொல்வதன் காரணம் இதுதான்.

காணொளி நேர்காணல்களை இயந்திரமே மதிப்பிடும் மென்பொருள்கள் இன்னொரு புதுத் தலைவலி. குரலின் ஏற்ற இறக்கத்தையும் முகபாவத்தையும் கொண்டு ஒருவரின் பணித்திறனைக் கணிக்கலாம் என்ற எண்ணமே எனக்கு ஏற்புடையது அன்று. முகவாதம் வந்தவரும், மதியிறுக்க (ஆட்டிசம்) நிலையில் உள்ளவரும், பார்வையற்றவரும் அந்த அளவுகோலில் எப்படித் தேறுவார்கள்? இத்தகைய மென்பொருளை விற்கும் ஹயர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம், முகபாவ ஆய்வைக் கைவிட்டுவிட்டதாக 2021இல் அறிவித்தது. குரலையும் சொற்களையும் ஆராய்ந்து மதிப்பெண் போடும் முறைகள் இன்னும் புழக்கத்தில்தான் உள்ளன.

நேர்காணலுக்கு வருவோம். அழைப்புக் கடிதத்தில், தங்களுக்குச் சிறப்பு ஏற்பாடு தேவையெனில் தெரிவிக்கவும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி போதாது. எதைக் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம், கேட்டால் தம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று விண்ணப்பதாரருக்குத் தெரியாது. வேலை தேடுகிறவர் சந்தேகம் வந்தால் கேட்காமல்தான் விடுவார். சைகைமொழி மொழிபெயர்ப்பாளர், கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் அனுப்புதல், கூடுதல் நேரம், இடையில் ஓய்வு, தரைத்தள அறை, உடன்வருபவருக்கு அனுமதி என்று சிலவற்றை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டு, ஒரு பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்து, எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் ஒரே கடிதமாக அனுப்பினால் கேட்பதற்குத் தயக்கம் குறைகிறது. தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுக் காது கேளாதவரின் கோரிக்கைக்காகக் காத்திருக்கும் கடிதங்களும் என் கோப்பில் இருக்கின்றன.

சைகைமொழியில் நடந்த ஒரு நேர்காணலை அருகிலிருந்து பார்த்தேன். குழுவில் மூவர், எல்லோரும் மரியாதையானவர்கள். ஆனால் கேள்வி கேட்கும்போதெல்லாம் அவர்கள் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, அவர் எங்கே படித்தார் என்று கேளுங்கள் என்றார்கள். விண்ணப்பதாரர் தம் முகத்துக்கு நேரே கேள்வி வரும் என்று காத்திருந்து, பிறகு தாமும் மொழிபெயர்ப்பாளரையே பார்க்கத் தொடங்கினார். குழுவினருக்குப் பின்னால் திரை போடாத பெரிய சன்னல் இருந்ததால், மொழிபெயர்ப்பாளரின் கைகள் எதிர்வெளிச்சத்தில் கருத்துத் தெரிந்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் பேச்சுக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் மாறி மாறிப் பணியாற்றுவதே முறை. அங்கே ஒருவர்தான் இருந்தார், இறுதிப் பகுதியில் அவருடைய களைப்பு நன்றாகவே தெரிந்தது. பின்னர் குழுவினர் எழுதிய குறிப்பில், விண்ணப்பதாரரின் பதில்கள் சற்றுச் சுருக்கமாக இருந்தன என்று இருந்தது. சன்னலுக்குத் திரை போட்டு, இருக்கைகளை இடம் மாற்றி, விண்ணப்பதாரரைப் பார்த்து நேராகப் பேசியிருந்தால் அந்தக் குறிப்பு வேறு மாதிரி இருந்திருக்கலாம். மேசைமேல் வைக்கும் அளவுக்கு ஒரு பக்கக் குறிப்பு குழுவினருக்கு இருந்தால் போதும். பயிற்சிப் பட்டறைகூடத் தேவையில்லை.

என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது என்பதிலும் சட்டங்கள் தெளிவாகவே இருக்கின்றன. பிரிட்டனின் சமத்துவச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, வேலை தருவதாக உறுதியளிக்கும் முன் உடல்நலத்தைப் பற்றிய கேள்விகளைப் பெரும்பாலும் தடுக்கிறது. நேர்காணலுக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்று கேட்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. அமெரிக்காவிலும் அப்படியே, மருத்துவப் பரிசோதனை வேண்டுமென்றால் வேலை உறுதியான பின்பு, அதே வகைப் பணியில் சேரும் எல்லோருக்கும் நடத்த வேண்டும். ஒரு குறிப்பிட்ட பணியை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்பதில் தவறில்லை. உங்களுக்கு எப்படி இப்படி ஆயிற்று என்று கேட்பது தவறு. ஆர்வத்தால் கேட்டாலும் இரக்கத்தால் கேட்டாலும் தவறுதான்.

நேர்காணலையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. டென்மார்க்கில் தோர்கில் சோன்னே என்பவர் தம் மகனுக்கு மதியிறுக்கம் இருப்பது தெரியவந்த பிறகு, 2004இல் ஸ்பெஷலிஸ்டர்னே என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மென்பொருள் சோதனை போன்ற வேலைகளுக்கு மதியிறுக்க நிலையில் உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்க, லேகோ இயந்திரங்களைக் கட்டி நிரலெழுதும் பயிற்சிகளை அங்கே பயன்படுத்தினார்கள். சில நிமிடப் பேச்சை வைத்து முடிவெடுக்காமல், வேலை செய்யும் விதத்தை நாள்கணக்கில் கவனித்தார்கள். ஜெர்மானிய மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி. 2013இல் அவர்களுடன் சேர்ந்து இதே வழியில் ஒரு திட்டத்தை அறிவித்தது. நல்ல முயற்சி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மதியிறுக்கம் என்றாலே மென்பொருள் சோதனைதான் என்று அதை ஒரு வார்ப்பாக மாற்றிவிடுவதில் ஆபத்து இருக்கிறது. வரலாறு படித்தவர், தோட்டக்கலை தெரிந்தவர், குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர விரும்புகிறவர் என்று அவர்களிலும் எல்லா வகையினரும் இருக்கிறார்கள்.

மருத்துவத் தகுதிப் படிவத்தின் வலிமையை அறிய 1970ஆம் ஆண்டு நியூயார்க் வழக்கு ஒன்றைத் திரும்பிப் பார்க்கலாம். போலியோவால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இயங்கிய ஜூடித் ஹ்யூமன் ஆசிரியர் பணிக்கான எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தேறினார். மருத்துவப் பரிசோதனையில் தோற்றார் என்று கல்வி வாரியம் உரிமம் மறுத்தது. தீ விபத்து நேர்ந்தால் அவரால் வெளியேற முடியாது, குழந்தைகளையும் வெளியேற்ற முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். அவர் வழக்குத் தொடர்ந்தார். கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி என்ற நீதிபதியிடம் வழக்கு போனதும் வாரியம் இறங்கிவந்தது. உரிமம் கிடைத்து, அந்த நகரில் சக்கர நாற்காலியில் இருந்தபடி கற்பித்த முதல் ஆசிரியராக அவர் ஆனார். பிற்காலத்தில் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவராக அறியப்பட்டவர் அவர். அந்தத் தீ விபத்துக் காரணத்தை இன்றும் ஏறத்தாழ அதே சொற்களில் கேட்கிறேன். கட்டடத்திலிருந்து எல்லோரையும் வெளியேற்றும் திட்டம் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் இருப்பதில்லை.

வேலை உறுதியானபின் வருவது ஏற்பாடுகளைச் செய்துதரும் கட்டம். செலவு அதிகமாகும் என்ற அச்சம்தான் இங்கே எல்லோர் வாயிலும் முதலில் வருவது. அமெரிக்காவில் வேலையிட ஏற்பாடுகளுக்கு ஆலோசனை வழங்கும் தேசிய அமைப்பு பல ஆண்டுகளாக முதலாளிகளிடம் நடத்திவரும் கணக்கெடுப்புகளில், ஏறக்குறைய பாதி ஏற்பாடுகளுக்கு எந்தச் செலவும் ஆகவில்லை என்றே திரும்பத் திரும்பத் தெரிகிறது. வேலை தொடங்கும் நேரத்தை மாற்றுவது, அறிவுறுத்தல்களை எழுத்தில் தருவது, இரைச்சல் குறைந்த மூலையில் மேசை போடுவது, கூட்டங்களில் எழுத்துவடிவ வசனங்களை இயக்குவது ஆகியவற்றுக்கு என்ன பெரிய செலவு? ஆனாலும் இவை மாதக்கணக்கில் இழுபடுகின்றன. காரணம், யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதும் எந்தக் கணக்கிலிருந்து பணம் வர வேண்டும் என்பதும் எங்கும் எழுதப்படாமல் இருப்பதுதான். ஒரு சிறப்பு விசைப்பலகையின் செலவு பணியாளரின் குழுவுக்கான நிதியிலிருந்து போகிறது என்றால், மேலாளர் அடுத்த முறை ஆளெடுக்கும்போது அதை நினைத்துக்கொள்வார். வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனால் நினைத்துக்கொள்வார். நிறுவனம் முழுவதற்கும் ஒரே பொதுநிதி வைத்து, மேலாளரின் கணக்கைத் தொடாமல் செலவிட்டால் இந்த முட்டுக்கட்டை பெரும்பாலும் நீங்கிவிடும். பிரிட்டனில் அரசே இதற்கு மானியம் தருகிறது. பிரான்சில், மாற்றுத்திறனாளிகளுக்கான வேலை ஒதுக்கீட்டை நிறைவேற்றாத தனியார் நிறுவனங்கள் செலுத்தும் தொகை அதற்கென உள்ள நிதியத்துக்குப் போய், அங்கிருந்து ஏற்பாடுகளுக்குத் திரும்பி வருகிறது. இந்த உதவிகள் இருப்பதே தெரியாத மனிதவள அலுவலர்கள் ஏராளம்.

ஒரு நிறுவனத்தின் உண்மை நிலையை அறிய நான் கொள்கை ஆவணத்தைக் கேட்பதில்லை. கடந்த ஓராண்டில் வந்த கோரிக்கைகளின் பதிவேட்டைக் கேட்பேன்: எந்தத் தேதியில் கேட்டார்கள், யார் முடிவெடுத்தார், எந்தத் தேதியில் பொருளோ வசதியோ கைக்கு வந்தது, மறுத்தால் என்ன காரணம் எழுதினார்கள். பதிவேடே இல்லை என்பது அடிக்கடி கிடைக்கும் பதில். தகுதிகாண் காலம் ஆறு மாதம், திரைவாசிப்பு மென்பொருளுக்கான ஒப்புதலுக்கு ஐந்து மாதம் என்றால், அந்தப் பணியாளரின் மதிப்பீட்டு அறிக்கை எதை அளந்திருக்கும்?

இனி இடஒதுக்கீடு. ஜெர்மனியில் குறைந்தது 20 பணியிடங்கள் உள்ள நிறுவனங்கள் 5 விழுக்காடு இடங்களைக் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்குத் தர வேண்டும். தராவிட்டால் ஈட்டுத்தொகை செலுத்த வேண்டும். பிரான்சில் அது 6 விழுக்காடு. ஜப்பானில் தனியார் நிறுவனங்களுக்கான விழுக்காடு 2024 ஏப்ரலில் 2.5 ஆக உயர்ந்தது. இந்தியாவில் அரசுத்துறைப் பணிகளில் 4 விழுக்காடு; தனியார் துறைக்கு ஒதுக்கீடு இல்லை, ஆனால் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிடும் கடமை உண்டு. ஒதுக்கீட்டால் கிடைக்கும் பெரிய பயன், நிர்வாகக் குழுவின் மேசைக்கு ஓர் எண் வந்து சேர்வதுதான். எண் இல்லாத இடத்தில் வெறும் பேச்சு மட்டுமே இருக்கும். ஆனால் எண்ணைக் காட்டுவதற்காக என்னென்ன செய்வார்கள் என்பதற்கும் வரலாற்றில் சான்றுகள் உண்டு. 2018இல் ஜப்பானின் அரசு அமைச்சகங்களே, உரிய சான்று இல்லாதவர்களையும் சேர்த்து எண்ணித் தங்கள் கணக்கை ஆண்டுக்கணக்கில் உயர்த்திக் காட்டிவந்தது அம்பலமானது. தனியார் நிறுவனங்களை விதிப்படி நடக்கச் சொன்ன அரசே இப்படிச் செய்தது என்பதால் அங்கே பெரும் கொந்தளிப்பு எழுந்தது.

பிரிட்டனின் 1944ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு வகைப் பாடம். குறைந்தது 20 பேர் வேலை செய்யும் இடங்களில் 3 விழுக்காடு ஒதுக்கீடு என்று அது விதித்தது. யாரும் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தவில்லை, 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஒதுக்கீடே கைவிடப்பட்டது. அதே 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட வேலைகள் இரண்டு: மின்தூக்கி இயக்குபவர், வாகன நிறுத்துமிடப் பணியாளர். போரில் காயமுற்றுத் திரும்பிய மாலுமிகளும் பொறியாளர்களும் அடங்கிய ஒரு தலைமுறைக்கு, ஒரு நாடு நல்லெண்ணத்துடன் யோசித்துத் தேர்ந்தெடுத்தவை இவை! இன்றும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பதவிகள் என்று நிறுவனங்கள் தயாரிக்கும் பட்டியல்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த மின்தூக்கிதான் நினைவுக்கு வருகிறது. தொலைபேசி இயக்குபவர், தரவு உள்ளீட்டாளர், வரவேற்பாளர் என்று அந்தப் பட்டியல் ஒரே இடத்தில் நின்றுவிடும். அவர்களுக்கு மேலதிகாரியாக யாரும் வரக்கூடும் என்ற நினைப்பே அதில் இருக்காது.

ஜெர்மானியச் சட்டத்தில் ஒதுக்கீட்டைவிட எனக்குப் பிடித்தவை வேறு இரண்டு ஏற்பாடுகள். அரசுத்துறை வேலைக்குக் கடுமையான குறைபாடு உள்ள ஒருவர் விண்ணப்பித்தால், தகுதியே இல்லை என்பது வெளிப்படையாகத் தெரிந்தாலன்றி, அவரை நேர்காணலுக்கு அழைத்தே தீர வேண்டும். அத்தகைய பணியாளர்கள் ஐவராவது இருக்கும் பணியிடத்தில் அவர்களுக்கென ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களைப் பாதிக்கும் முடிவுகளை எடுக்கும் முன் நிர்வாகம் அவரைக் கலந்தாலோசிக்க வேண்டும். முதலாவது, காகிதத்திலேயே ஆளை வடிகட்டுவதைத் தடுக்கிறது. இரண்டாவது, ஒவ்வொருவரும் தனித்தனியே போய்க் கெஞ்ச வேண்டிய நிலையை மாற்றுகிறது.

தம் குறைபாட்டை நிறுவனத்திடம் தெரிவிப்பது பற்றியும் ஒரு சொல். நீரிழிவு, வலிப்பு, மனநலப் பாதிப்பு, நாள்பட்ட வலி, கற்றல் குறைபாடு என்று வெளியே தெரியாதவற்றுடன் வேலை செய்கிறவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் இருப்பதைப் பொய்யென்று நிறுவனங்கள் கருதுவது நியாயமில்லை. சொன்னவருக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். புள்ளிவிவரத்துக்காகக் கேட்கும் படிவமும், ஏற்பாடு கோரும் படிவமும் வெவ்வேறாக இருப்பதும், முதலாவதில் உள்ள விவரம் நேரடி மேலாளரின் கண்ணில் படாமல் இருப்பதும் நம்பிக்கைக்கு அடிப்படை. இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்துவிட்டு, யாரும் நிரப்புவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் பொருளில்லை.

பணிக்காலத்தின் நடுவில் உடல்நிலை மாறுகிறவர்களை ஆட்சேர்ப்புக் கொள்கைகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. பணியில் இருக்கும்போது குறைபாடு நேர்ந்தவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது என்று இந்தியச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களுக்கு விதிக்கிறது. இப்போதைய பதவிக்கு அவர் பொருந்தாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பதவி தர வேண்டும், அதுவும் இல்லையென்றால் உரிய இடம் கிடைக்கும்வரையோ ஓய்வு பெறும் வயதுவரையோ கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். தனியார் நிறுவனங்கள் தாமாகவே இப்படியொரு விதியை எழுதிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. பதவி உயர்வுக்கும் இதே கவனம் வேண்டும். மேலாளர் பதவிக்கு முன்தகுதியாக ஓர் இணையவழிப் பயிற்சியைக் கட்டாயமாக்கி, அந்தக் காணொளிகளுக்கு எழுத்துவடிவ வசனம் சேர்க்காமல் விட்டிருந்த நிறுவனம் ஒன்றை அறிவேன். அங்கே காது கேளாத பணியாளர்கள் பல ஆண்டுகளாக ஒரே படியில் இருந்தார்கள்; அவர்களுக்கு ஆர்வம் குறைவு என்று மதிப்பீட்டு அறிக்கைகள் எழுதிக்கொண்டிருந்தன. இப்போது ஒரு நிறுவனத்தின் ஆட்சேர்ப்பு ஆவணங்களைப் படிக்க ஒப்புக்கொள்ளும்போது, பதவி உயர்வுக்கான பயிற்சிகளின் பட்டியலையும் சேர்த்தே அனுப்பச் சொல்கிறேன்.